மூன்றாவது பெட்டியோடு நிறுத்தியவனுக்கு

கதிர்,

பள்ளி முடிவில் எழுதிய சாதாரண நிலைத் தேர்வில் நீ தமிழுக்கு வாங்கியது பி-த்ரீ, நடுவாந்தரம்தான். அதை மனத்தில் வைத்து, எழுத்தைப் பெரிதாகவும் விஷயத்தைச் சிறிதாகவும் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத்து சொன்னபடி கேட்டது, விஷயம் கேட்கவில்லை. மெதுவாகப் படி. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உன் தோளுக்குப் பின்னால் நின்று மிஷெலும் படித்துவிடுவாள். என் கையெழுத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் ஃபோனே வேலையை விட்டுப் போய்விடும். ஆகவே முதலில் நீ படி. அவளிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைக் கடைசியில் பேசுவோம்.

தீபாவளியன்று நீங்கள் இருவரும் என் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மிஷெல் வயிற்றுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, முறுக்கைச் சத்தம் வராமல் உடைக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: “அப்பா, அம்மாவோட தாலி உங்ககிட்டதானே இருக்கு? பேபி பொறந்ததும் அதுல ஏதாச்சும் செஞ்சு போடணும்னு மிஷெல் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கா.” நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கும். “அதுவா, கிறிஸ்துமஸ் தாத்தா மூட்டையில பத்திரமா இருக்குடா” என்றேன். நீ அதை அவளுக்கு மொழிபெயர்த்தாய். இருவரும் சிரித்தீர்கள். “ஓகே லா, அப்போ டிசம்பர்ல அவர்கிட்டயே கேட்டுக்கிறோம்” என்றாய். நான் இதுவரை அடித்த ஜோக்குகளிலேயே உண்மைக்கு மிகப் பக்கத்தில் போனது அதுதான்.

தாலி என்னிடம் இல்லை, கதிர். போன கிறிஸ்துமஸ் அன்று தெம்பனிஸில், உன் மாமனார் வீட்டுக் கூடத்தில், அதை உன் கையில் கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டாய். வாங்கியது உனக்குத் தெரியாது. இப்போது அது யாரிடமும் இல்லை. இந்த ஐந்து வரியை எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது. இனிமேல் வருவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான். கோபம் வந்தாலும் பாதியில் நிறுத்தாதே. நீ பாதியில் நிறுத்துகிறவன் என்பது எனக்குத் தெரியும். அப்படி உன்னை ஆக்கியவனே நான்தான், அதையும் சொல்கிறேன்.

உன் அப்பனின் தொழில் உனக்குத் தெரியும். இருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பாய் கடையில், முப்பத்தொரு வருடம் அன்பளிப்புகளுக்குத் தாள் சுற்றியவன் நான். குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், கண்ணாடிக் கோப்பைகள், எதை நீட்டினாலும் மூலை பிசிறாமல், டேப் வெளியே தெரியாமல் கட்டிக் கொடுப்பேன். உள்ளே பொருள் ஆடக்கூடாது, ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது. கட்டுகிறவனுக்கு அதுதான் மானம். கத்தரிக்கோலின் முதுகால் ரிப்பனை இழுத்தால் சுருள்சுருளாக விழும், அதைப் பார்க்கவே நீ பள்ளி முடிந்து கடைக்கு வருவாய். டிசம்பர் பிறந்தால் பக்கத்து அலுவலகங்களிலிருந்து சீனர், யுரேஷியர், நம் ஆட்கள் என்று கதவுவரை வரிசை நிற்கும். “நோன்புப் பெருநாளைக்குக்கூட நம்ம கடையில இவ்வளவு கூட்டம் இல்லப்பா” என்று பாய் தாடியைத் தடவிக்கொள்வார். அத்தனை பேருடைய அன்புக்கும் உறை போட்டேன். என் அன்பை ஒருவரிடமும் உரைத்ததில்லை. பார், பி-த்ரீக்காரனுக்கு றகர ரகரப் பாடம் இலவசம். இப்படித்தான் கதிர், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறு எங்காவது ஓடிவிடுவேன்.

நம் வீடுகளில் அப்பா பிள்ளைக்கு எதையும் நேராகக் கொடுப்பதில்லை, கவனித்திருக்கிறாயா? தீபாவளிச் சட்டையை வாங்குவது அப்பா, கையில் கொடுப்பது அம்மா. “அப்பா உனக்காகத் தேடித் தேடி வாங்கினாரு” என்று அவள் சொல்வாள். அப்போது அப்பா ஜன்னலுக்கு வெளியே ஏதோ அவசரமான காக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை பார்சலை வாங்கி, பிரிக்காமல், உள்ளே கொண்டுபோய்விடும். கொடுத்தவர் எதிரில் பிரித்தால் ஆசைப்பட்ட மாதிரி ஆகிவிடும். நன்றி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் யாரோ விருந்தாளி வந்துவிட்டதுபோல் இருக்கும். இதில் தப்பில்லை. என் அப்பாவும் அப்படித்தான், அவருடைய அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். ஆனால் இந்த முறை வேலை செய்ய நடுவில் ஒருத்தி வேண்டும். அவள் இல்லாத நாள் ஒன்று வரும் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

உனக்கு ஏழு வயதில் கிறிஸ்துமஸ் ஆசை வந்தது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தாத்தா வருகிறாராம். “நம்ம வீட்டுக்கு ஏன்பா வரல? நம்ம சாமி கோவிச்சுக்குமா?” என்று கேட்டாய். “சாமி ஒண்ணும் சொல்லாது. நம்ம எட்டாவது மாடி, அவருக்கு லிஃப்ட் பட்டன் எட்டாது” என்றேன். நீ விடவில்லை. துணி காயப்போடும் மூங்கில் கழியின் நுனியில் உன் வெள்ளைப் பள்ளிக் காலுறையை மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிவைத்தாய், மேலே பறக்கிறவர் கண்ணில் படட்டும் என்று. ஒரு மாதமாக நீ கேட்டுக்கொண்டிருந்த ரிமோட் காரை நான் முன்பே வாங்கி, நீலத் தாளில் சுற்றி, அலமாரிக்கு மேல் வைத்திருந்தேன். அதை உன்னிடம் கொடுக்க வேண்டியதுதானே? முடியவில்லை. விடிந்ததும் நீ காலுறைக்குள் கையை விட்டபோது வந்தது ஓர் உருளைக்கிழங்கு. பேனாவால் கண்ணும் மீசையும் வரைந்திருந்தேன். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் கீழுதடு மடிந்தது. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, நீலப் பொட்டலத்தை எடுத்து உன்னிடம் கொடுத்தாள். “இந்தா கண்ணு, அப்பா வாங்கி வச்சிருந்தாரு. அவருக்கு விளையாட்டுதான் எப்பவும்.” நீ அவளைக் கட்டிக்கொண்டாய். என்னைப் பார்த்து உருளைக்கிழங்கை எறிந்தாய். குறி தப்பவில்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நாம் கொண்டாடாத பண்டிகைக்கு நமக்கென்று ஒரு சடங்கு. என் கையால் ஒரு பெட்டி வரும். அதற்குள் பெட்டி, அதற்குள் பெட்டி, மொத்தம் ஏழு. கடைசியில் ஒரு துண்டுச்சீட்டு: ‘ஏமாந்தவர் பெயரை இங்கே எழுதவும்.’ அம்மா கையால் உண்மையான பரிசு வரும். பரிசு கொடுக்கத் தெரியாதவன் பரிகாசம் கொடுத்தேன். நீயும் சளைத்தவன் இல்லை. ஒரு வருடம் நான் வைத்த சீட்டில் என் பெயரையே எழுதி என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு அனுப்பினாய். பாய் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னை ‘ஏமாந்தவரே’ என்றுதான் கூப்பிட்டார். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உனக்கு அலுத்தது. பெட்டியை ஆட்டிப் பார்ப்பாய், மூன்று பிரிப்பாய், “போதும்பா, உள்ள ஒண்ணும் இல்ல” என்று ஓரமாக வைத்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாய். அப்பா கொடுப்பது காலி, அம்மா கொடுப்பது நிஜம். இதை உனக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு எத்தனை வருடம் ஆனது! வேறெந்தப் பாடத்தையும் நான் இவ்வளவு நன்றாக நடத்தியதில்லை.

உன் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸை யோசித்துப் பார். தெம்பனிஸில் மரத்தடியில் பரிசுகள் குவிந்திருந்தன. மிஷெலின் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கு, யாரிடமிருந்து என்று சீட்டைச் சத்தமாக வாசித்தார். கொடுத்தவர் எழுந்து போய்க் கையில் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அங்கேயே பிரிக்க வேண்டும், பிறகு இருவரும் கட்டிக்கொள்ள வேண்டும். உன் அம்மா கொடுத்த பட்டுப்புடவையை மிஷெல் எல்லார் எதிரிலும் பிரித்தபோது அம்மாவுக்கு உடம்பே கூசியது. “ஏங்க, நம்ம எதிர்லயே பிரிக்கிறாளே, பிடிக்கலன்னா முகத்துல தெரிஞ்சிருமே” என்று என் காதில் முணுமுணுத்தாள். மிஷெல் ஜீன்ஸுக்கு மேலேயே அந்தப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வீடு திரும்பும்வரை அம்மா அந்தக் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு மிஷெல் கொடுத்த சட்டையை நான் அங்கே பிரிக்கவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லையா என்று அவள் உன்னிடம் கேட்டு வருத்தப்பட்டாளாம். பிடித்ததால்தான் பூட்டினேன் என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

பிறகு போன வருடம் ஜூன். அதைப் பற்றி நாம் இருவருமே பேசுவதில்லை, இங்கும் நான் நீட்டப் போவதில்லை. மண்டாய் தகனச் சாலைக்குப் புறப்படும் முன் உன் சித்தி அம்மாவின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி, டிஷ்யூத் தாளில் மடித்து என் சட்டைப்பையில் போட்டாள். மஞ்சள் கயிற்றிலிருந்து பிரித்தெடுத்த பொட்டும் இரண்டு குண்டும், அவ்வளவுதான் தங்கம். நீ அன்று தொலைவில் நின்றிருந்தாய். அந்த டிஷ்யூவை நான் எத்தனை நாள் எங்கெங்கே வைத்தேன் என்று கேட்காதே. அக்டோபரில் பாய் கடைக்கு நான்கு கடை தள்ளி இருக்கும் ஆசாரியிடம் போனேன். உருக்கி மோதிரமாகச் செய்து பிள்ளைக்குப் போடுவது நம்மில் வழக்கம்தான் என்றார். “விரல் அளவு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முப்பது வயது மகனின் விரல் எவ்வளவு தடிமன் என்று அப்பனுக்குத் தெரியவில்லை. கடைசியில் என் மோதிர விரலையே நீட்டினேன். “உங்க கைதானே அவருக்கும் வந்திருக்கும்” என்றார் அவர். மோதிரத்தில் வேலைப்பாடு எதுவும் வேண்டாம் என்றேன். அவள் அப்படித்தான்.

செய்து வாங்கியாயிற்று. கொடுக்க வேண்டும். முதல் முயற்சி தேக்கா உணவங்காடியில். உனக்கு நினைவிருக்காது. நீ பிரியாணியைப் பிசைந்தபடி புது வீட்டின் சாவி எப்போது கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என் கை சட்டைப்பைக்குள் போனது, பெட்டியைத் தொட்டது, பல் குத்தும் குச்சியோடு வெளியே வந்தது. இரண்டாவது முயற்சி என் வீட்டு லிஃப்டில். எட்டு மாடி இறங்குவதற்குள் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆறாவது மாடியில் வயதான மலாய் மாக்சிக் ஒருவர் சைக்கிளோடு ஏறினார், அதோடு போயிற்று. உண்மையில் மாக்சிக் மேல் பழி போடுவது நியாயமில்லை. “கதிர், இது அம்மாவோடது, இந்தா” என்பதில் எல்லாமே எனக்குத் தெரிந்த சொற்கள்தான். வாய்க்குள் வரிசையாக நின்றன. வெளியே வருவதற்கு முன் ஒவ்வொன்றும் இன்னொன்றுக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்தது. அவள் இருந்தால் “இந்தா கண்ணு, அப்பா செஞ்சு வச்சிருந்தாரு” என்று அரை நொடியில் முடித்திருப்பாள்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கொடுப்பதென்று முடிவு செய்தேன். ஏழு பெட்டி. மோதிரத்தைப் பஞ்சில் பொதிந்து, தீப்பெட்டி அளவுள்ள கடைசிப் பெட்டியில் வைத்து, அதன் மேல் சீட்டும் எழுதினேன். ‘இது விளையாட்டு இல்லை. அம்மாவின் தாலி. அப்பா.’ ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு நிறத் தாள். மூன்று நாள் உட்கார்ந்து கட்டினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு அருமையாகக் கட்டியதில்லை. நீ மூன்றோடு நிறுத்துவாய் என்பது எனக்கு மறந்துவிட்டதா என்று இந்த ஒரு வருடமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். மறக்கவில்லை. அம்மா போன பிறகு வருகிற முதல் பெட்டி, இதை மட்டும் கடைசிவரை பிரிப்பாய் என்று நம்பினேன். நம்பியதை உன்னிடம் சொல்லவில்லை. நீயாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அப்பாமார்களுக்கு இந்த வியாதி பொதுவானது, ஆனால் எனக்கு முற்றிப்போயிருந்தது.

அன்று மதியம் நடந்ததை உன் மைத்துனன் ஃபோனில் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். நீ ஒருமுறை பார்த்திருப்பாய். நான் பார்த்த கணக்கு எனக்கே தெரியாது. “கதிர், ஃப்ரம் அப்பா!” என்று மிஷெலின் அப்பா வாசிக்கிறார். நான் எழுந்து வந்து கொடுக்கிறேன். கட்டிப்பிடிக்க நீ கையை விரிக்கிறாய், நான் உன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறேன். நீ முதல் பெட்டியைப் பிரிக்கிறாய், இரண்டாவதைப் பிரிக்கிறாய். “ஐயோ, ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். மை டாட் இஸ் லைக் திஸ் ஒன், லா” என்கிறாய். எல்லாரும் சிரிக்கிறார்கள். மூன்றாவதைப் பிரித்து, உள்ளேயிருந்த நான்காவதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறாய். சத்தம் வரவில்லை. எப்படி வரும்? கட்டியவன் நானல்லவா. “போதும்பா, உள்ள ஒண்ணும் இல்ல” என்று சிரித்தபடி அதைத் தாள் குவியலோடு வைக்கிறாய். அதோடு ஒரு நொடி நீ வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாய். அங்கே யாரும் இல்லை. மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். நீ யாரைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும். பிறகு காணொளியில் அடுத்த பரிசு வந்துவிடுகிறது.

அந்த இடத்தில் நான் எழுந்து “டேய், நாலாவதைப் பிரிடா” என்று கத்தியிருக்க வேண்டும். ஏன் கத்தவில்லை? முதலில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். பிறகு, நீ தாளையெல்லாம் வாரி, பெட்டிகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்கி, கறுப்புப் பைக்குள் திணித்து, நல்ல மருமகனாக வெளியே எடுத்துப் போனாய். லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் குப்பையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கும் குழாயின் மூடி டமாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘பய கண்டுபிடிச்சுட்டான். பிரிச்சுப் பார்த்து, எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, என்கிட்டயே விளையாடுறான்.’ சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சாப்பாட்டு டப்பாவில் சீட்டு வைத்தவன் ஆயிற்றே நீ! எப்போது மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வந்து என் முகத்துக்கு எதிரில் விரலை ஆட்டுவாய் என்று காத்திருந்தேன். வான்கோழி சாப்பிட்டேன், கேக் சாப்பிட்டேன், உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மாமியார் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்து இன்னொரு துண்டு வைத்தார். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன் கதிர். நம் வீட்டில் இன்னொரு குறும்புக்காரன் இருக்கிறான் என்று மூன்று மணி நேரம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நாலு மணிக்கு நீ என்னை எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டாய். கதவருகே வந்ததும் இனி நீயாகச் சொல்லமாட்டாய் என்று நானே கேட்டேன்.

“ஏன்டா, பெட்டி எப்படி இருந்துச்சு?”

“எப்பவும் போலதான்பா. மூணோட நிறுத்திட்டேன்.”

“நிஜமாவா?”

“உங்களைத் தெரியாதா எனக்கு?” என்று என் தோளைத் தட்டினாய். “ஆனா தேங்க்ஸ்பா. இந்த வருஷம் வரமாட்டீங்க, பெட்டியும் வராதுன்னு நினைச்சேன். அம்மா இருந்த மாதிரியே இருந்துச்சு.”

அதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சொல்வேன்? “சரிடா, போய்ட்டு வரேன்” என்று அட்டையைத் தட்டி உள்ளே போனேன். நீ திரும்பி நடந்து மறையும்வரை ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். பிறகு வெளியே வந்து உன் மாமனார் பிளாக்குக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடுவது என்றால் பார்க்கிறவர்களுக்கு நடைதான்.

கீழே குப்பை அறை பூட்டியிருந்தது. துப்புரவு வேலை செய்யும் தம்பி ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். அறந்தாங்கிப் பக்கமாம், வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். ஒரு சின்னப் பெட்டி விழுந்துவிட்டது என்றேன்.

“எந்த மாடி சார்?”

“ஒன்பது.”

“மாடியெல்லாம் இங்க தெரியாது சார், எல்லாம் ஒண்ணாதான் வந்து விழும். லாரியும் ரெண்டு மணிக்கே வந்து அள்ளிட்டுப் போயிருச்சு.” என் முகத்தைப் பார்த்தவர் பூட்டைத் திறந்தார். தன்னிடமிருந்த இன்னொரு சோடிக் கையுறையை எனக்குக் கொடுத்தார். இரண்டு மணிக்குப் பிறகு விழுந்ததை இருவரும் கிளறினோம். யார் யார் வீட்டுத் தாள்களோ, பொன்னிறம், சிவப்பு, பனிமனிதன் போட்டது. அதில் இரண்டு, எங்கள் கடைத் தாள். எவ்வளவு ஆசையாகக் கட்டியிருப்பேனோ.

“உள்ள என்ன சார் இருந்துச்சு?”

“என் சம்சாரத்தோட தங்கம்.”

அவர் கை நின்றுவிட்டது. “அக்கா என்ன சொல்லுவாங்க?”

“ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“நல்ல அக்கா சார்” என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து இன்னும் கொஞ்ச நேரம் தேடினார். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். வேறு எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

நம் ஊர்க் குப்பையை எரித்துச் சாம்பலாக்கிக் கடலில் ஒரு தீவில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று பள்ளியில் படித்தது நீதான், எனக்குச் சொன்னதும் நீதான். அம்மாவின் சாம்பலையும் நாம் கடலில்தான் கரைத்தோம். அவளும் அவள் தாலியும் எப்படியோ ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

உன் தீபாவளிக் கேள்விக்குப் பிறகு மறுபடி ஆசாரியிடம் போனேன். அதே எடைக்கு வேறு தங்கம் எடுத்துக் குழந்தைக்கு ஒரு காப்பு செய்து, இதுதான் அம்மாவுடையது என்று கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? “செஞ்சிரலாம்ணே” என்று அவர் எழுதிக்கொள்ளக் குறிப்பேட்டை எடுத்துவிட்டார். என் ஆயுளில் கட்டிய பொட்டலங்களிலேயே யாராலும் பிரிக்க முடியாத பொட்டலமாக அது இருந்திருக்கும். பெயர் என்ன என்று கேட்டார். குழந்தையின் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து, இன்னும் வைக்கவில்லை என்றேன். “உங்க பேருண்ணே” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் காப்பைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை என் மடியில் உட்காரும், அதன் மணிக்கட்டைப் பார்க்கிறபோதெல்லாம் நான் ஜோக் அடிக்க வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு ஜோக் தெரியாது.

ஆக, என்னிடம் உனக்குத் தர ஒன்றும் இல்லை. அறிவுரைதான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, அதனால் என்னிடம் நிறையவே மிஞ்சியிருக்கிறது. ஒன்று மட்டும் தருகிறேன். மார்ச்சில் பிள்ளை பிறந்தபின், அதற்கு எது வாங்கினாலும் நீயே உன் கையால் கொடு. மிஷெலிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போகாதே. பொங்கலோ, கிறிஸ்துமஸோ, சீனப் புத்தாண்டுச் சிவப்பு உறையோ, எந்தப் பண்டிகையானாலும் சரி. கொடுக்கிறபோது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல். வியப்பு போய்விடுமே என்பார்கள். போகட்டும். பிரிக்கிறவரை பக்கத்தில் இரு. கை நடுங்கினால் நடுங்கட்டும். அந்தக் கூடத்தில் உன் மாமனார் தன் மகனைக் கட்டிக்கொள்வதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு வீட்டுக்கு வந்து, அவருக்கு எத்தனை வயதில் அது கைவந்திருக்கும் என்று யோசிப்பேன்.

இனி மிஷெல். இந்தக் கடிதத்தை எழுதாமல் ஒரு வருடம் ஓட்டியதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு போன அந்த ஏழெட்டு அடி உனக்குள் தினமும் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதை என்னால் தடுக்க முடியவில்லை. சொல்லாமலே இருக்கலாம் என்றால், நீ கேட்டுவிட்டாய். ஆனால் அவளிடம் சொல்கிறபோது நீ எறிந்ததாகச் சொல்லாதே. அப்பா தொலைத்துவிட்டார் என்று சொல். அது உண்மைதான். நீ எறிந்தது ஒரு காலிப் பெட்டியை. அது காலி என்று இருபது வருடத்துக்கும் மேலாக உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது நான். அம்மாவிடம் கேட்க முடிந்தால் அவளும் இதைத்தான் சொல்வாள், என்னை அந்தப் பார்வை பார்த்துக்கொண்டே.

இந்த வருடம் தெம்பனிஸுக்கு நான் வர வேண்டுமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். வரச் சொன்னால் வருகிறேன், பெட்டி எதுவும் இல்லாமல். வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன். அதற்கு முன் ஒருநாள் இங்கே வா. சனி, ஞாயிறு நான் வீட்டில்தான் இருப்பேன். வந்து கத்து, கேள், எது வேண்டுமானாலும் சொல். ஆனால் ஃபோனில் கூப்பிடாதே கதிர், நேரில் வா. ஃபோன் என்றால் நான் ஜோக் அடித்துவிடுவேன்.

அப்பா